அம்மாவின் அளவு நோட்டும் லைவ்கோடு ப்ராப்பர்ட்டிகளும்

எங்கள் வீட்டில் அளவு நோட்டு என்று ஒன்று உண்டு. 200 பக்க நீள நோட்டு. அம்மா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு முப்பது வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறார். விருதுநகரில் எங்கள் தெருவிலும் பக்கத்து நான்கு தெருவிலும் இருக்கும் பெண்களின் அளவு எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். எந்தப் பக்கத்தில் என்பது மட்டும் அம்மாவுக்குத்தான் தெரியும். அகர வரிசை கிடையாது, தேதி வரிசையும் கிடையாது. கீதா என்ற பெயரில் நான்கு பேர். ஒருவர் 'தபால் ஆபீஸ் கீதா', ஒருவர் 'மாடி வீட்டு கீதா', ஒருவர் 'கீதா - கை லூஸ்'. நான்காவது ஆள் வெறும் கீதா.

துணி வந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை, துண்டுச் சீட்டில் அளவை எழுதித் துணியிலேயே குண்டூசியால் குத்திவிடுவது. அதற்கப்புறம் நோட்டைத் தேட வேண்டியதில்லை. வெட்டுகிற மேஜைக்கும் மெஷினுக்கும் ஹெம்மிங் பண்ணித் தரும் அக்கா வீட்டுக்கும் சீட்டு துணியோடேயே போகும், துணியோடேயே திரும்பி வரும்.

லைவ்கோடு என்ற நிரல் மொழியில் கஸ்டம் ப்ராப்பர்ட்டி என்றால் என்ன என்று லேப் பசங்கள் கேட்டால் நான் இந்தச் சீட்டைத்தான் சொல்கிறேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். லைவ்கோடு என்ற பெயரே 2013இல்தான் என் காதில் விழுந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ஒரு கம்பெனி, தன் மென்பொருளைத் திறமூலமாக (யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி) வெளியிடுவதற்காக, இணையத்தில் பலரிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 3,50,000 பவுண்டு இலக்கு வைத்துப் பணம் திரட்டி, இலக்கைத் தாண்டியும் போனது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்றதும் இறக்கினேன், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் ஆங்கிலத்தில் பேசுவதுபோல நிரல் எழுதும் மொழி. ஒரு கோப்புக்குப் பெயர் ஸ்டாக், அதாவது அடுக்கு. அதற்குள் கார்டுகள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கார்டு என்று வைத்தால் அம்மாவின் நோட்டு அப்படியே உள்ளே போய்விடும் என்று அன்றைக்கே தோன்றியது. ஆனால் ஆறாம் பதிப்பில் தமிழ் எழுத்தோடு பெரிய மல்லுக்கட்டு. 2014இல் ஏழாம் பதிப்பு வந்து யூனிகோடு சரியான பிறகு, 2015இல்தான் வேலையில் இறங்கினேன்.

லைவ்கோடில் ஒரு பொத்தானுக்கு என்று பெயர், நிறம், இடம், அகலம் எல்லாம் இருக்கும். அவை அதன் ப்ராப்பர்ட்டிகள். அதோடு நாமாகவும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், எத்தனை வேண்டுமானாலும். அதுதான் கஸ்டம் ப்ராப்பர்ட்டி. முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. 'செட் தி யூபாக்கி ஆஃப் திஸ் கார்டு டு 350' என்று ஒரு வரி. (நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் விளங்கும் மொழி இது. நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) யூபாக்கி என்று ஒன்று இதுவரை இல்லையென்றாலும் அந்த நொடியில் பிறந்துவிடும். முன்னால் வரும் யூ என்ற எழுத்து வெறும் வழக்கம்தான். லைவ்கோடுக்குச் சொந்தமான சொல்லோடு நம் பெயர் மோதாமல் இருக்கும், பார்த்ததும் நாம் வைத்தது என்றும் தெரியும்.

மாறியில் (நிரல் ஓடும்போது மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் பெயர்) போட்ட மதிப்பு நிரலை மூடினால் போய்விடும், நிரல் முழுக்கப் பொதுவான குளோபலாக இருந்தாலும் சரி. கஸ்டம் ப்ராப்பர்ட்டியில் போட்டது அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக்கைச் சேமித்தால் கோப்பிலும் போய் உட்காரும், அடுத்த முறை திறந்தால் இருக்கும். எண், எழுத்து மட்டும் என்றில்லை. ஒரு படத்தின் முழுக் கோப்பையே ஒரு ப்ராப்பர்ட்டிக்குள் தள்ளலாம். கழுத்து டிசைன் போட்டோக்களை நான் அப்படித்தான் வைத்தேன்.

அளவுகளுக்கு இன்னொரு வசதி கிடைத்தது. ஜாக்கெட்டிலும் நீளம் உண்டு, சுடிதார் டாப்பிலும் நீளம் உண்டு. முதலாவது 14 இஞ்ச், இரண்டாவது 42. இரண்டையும் 'நீளம்' என்று ஒரே பெயரில் வைத்தால் மாடி வீட்டு கீதாவுக்கு முழங்கால் வரைக்கும் ஜாக்கெட் தைக்க வேண்டி வரும். இதற்காகவே ப்ராப்பர்ட்டி செட் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு போட்டு உள்ளே சாவியை எழுதினால் அது தனிக் கட்டாகிவிடும். ஜாக்கெட் கட்டில் நீளம், சோல்டர், மார்பு, இடுப்பு, கை நீளம், கை சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. சுடிதார் கட்டில் அதே பெயர்கள், வேறு எண்கள். முழுக் கட்டையும் ஒரே வரியில் அரேயாக, அதாவது பெயரும் மதிப்புமான பட்டியலாக, எடுக்கலாம், ஒரே வரியில் திருப்பிப் போடலாம்.

இவ்வளவும் என் மடிக்கணினியில் தேன் மாதிரி ஓடியது. ஆகவே தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை ராத்திரி, இதை ஸ்டாண்டலோனாக மாற்றினேன். அதாவது லைவ்கோடு இல்லாத கணினியிலும் தனியாக ஓடக்கூடிய நிரலாக. அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் போட்டுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தங்கை நோட்டைப் பார்த்து வாசிக்க, அம்மா ஒற்றை விரலால் தட்ட, 41 பேரின் அளவு ஏறியது. நடுவில் பெயரைத் தட்டி ஒருவரைத் தேடிப் பார்த்தார், வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி சிஸ்டத்தை ஆஃப் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

திங்கள் காலை லேபுக்குப் போன் வந்தது.

"ஏய்யா, நேத்து ஏத்துனதெல்லாம் எங்கய்யா?"

சாயங்காலம் போய்த் திறந்து பார்த்தேன். நான் சோதனைக்குப் போட்ட மூன்று கார்டுகள் மட்டும் 'டெஸ்ட் 1, டெஸ்ட் 2, டெஸ்ட் 3' என்று பல்லிளித்துக்கொண்டு நின்றன.

என் கணினியில் வேலை பார்த்தவரை நான் கண்ட்ரோல் எஸ் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். மறந்து மூடினாலும், சேமிக்கவா என்று லைவ்கோடு கேட்டிருக்கிறது. ப்ராப்பர்ட்டி தானாகவே நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் பழக்கத்தில் வந்தது. ஸ்டாண்டலோனில் கண்ட்ரோல் எஸ்ஸும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. சரி, 'சேவ் திஸ் ஸ்டாக்' என்று ஒரு வரி சேர்ப்போம் என்று சேர்த்தேன். அதுவும் பலிக்கவில்லை. ஸ்டாண்டலோனாக மாற்றும்போது நிரலை ஓட்டும் லைவ்கோடின் எஞ்சினும் நம் ஸ்டாக்கும் ஒரே கோப்பாக ஒட்டிப்போகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை ஓடும்போதே திருத்தி எழுத விண்டோஸ் விடாது. மெஷின் ஓடும்போது அதன் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதுபோல. ப்ராப்பர்ட்டி நினைவகத்தில் மாறும், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தேடியபோது எல்லாம் வந்தது. கோப்புக்குள் மட்டும் போகாது. பிழைச் செய்தி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சேவ் வரிக்கு அடுத்த வரியில், கட்டளை பலித்ததா என்று சொல்லும் 'தி ரிசல்ட்' வெற்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். யார் பார்த்தது?

இந்த வகை மொழிகளுக்கெல்லாம் மூதாதை ஹைப்பர்கார்டு. ஆப்பிளில் பில் அட்கின்சன் உருவாக்கி 1987இல் வெளிவந்தது. அதில் நாம் மாற்றியதெல்லாம் தானாகவே வட்டில் எழுதப்பட்டுவிடும், சேமிக்கும் பேச்சே இல்லை. கஸ்டம் ப்ராப்பர்ட்டியும் அதில் கிடையாது. தகவலை ஒளித்து வைக்க, கண்ணுக்குத் தெரியாத ஃபீல்டு (எழுத்துப் பெட்டி) ஒன்றைப் போட்டு அதில் எழுதுவார்கள். பேரன் வீட்டில் ப்ராப்பர்ட்டி வந்தது, தானாகச் சேமிக்கும் பழக்கம் போய்விட்டது. எனக்கு இதில் இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான். 41 பேரின் அளவு என்றால் சும்மாவா?

தீர்வு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, லைவ்கோடில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஸ்டாண்டலோனை வெறும் வாசலாக வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் இருக்கும் ஸ்டாக் தனிக் கோப்பு. வாசல் திறந்ததும் அந்தக் கோப்பைத் திறக்கிறது. அது எஞ்சின் ஒட்டாத சாதாரணக் கோப்பு என்பதால் தாராளமாகச் சேமிக்கலாம். நான் பொத்தான்களின் நிரல் முழுவதையும் வாசல் பக்கம் வைத்துவிட்டு, கார்டுகளையும் ப்ராப்பர்ட்டிகளையும் மட்டும் இந்தப் பக்கம் வைத்தேன். நிரலில் பிழை திருத்திப் புதிதாகக் கொண்டுபோய்ப் போட்டாலும் அளவுகள் அப்படியே இருக்கும். மெஷின் வேறு, துணி வேறு.

கோப்பை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ப்ரோக்ராம் ஃபைல்ஸ் அடைவுக்குள் வைத்தால் எழுத அனுமதி கிடைக்காமல் தொல்லை. 'ஸ்பெஷல்ஃபோல்டர்பாத்' என்று கேட்டால் டாக்குமெண்ட்ஸ் அடைவு எங்கே என்று லைவ்கோடு சொல்லிவிடும், அங்கே வைத்தேன். முதல் தடவை ஓடும்போது வெற்றுக் கோப்பை அங்கே நகலெடுக்கும், ஏற்கனவே இருந்தால் தொடாது. அந்த 'இருந்தால் தொடாதே' வரியை மட்டும் மூன்று முறை சோதித்தேன். சூடு கண்ட பூனை.

ஒவ்வொரு அளவு ஏறியதும் சேமிக்கும்படி வைத்தேன். சில நூறு கார்டுகள் என்றால் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. எங்கள் தெருவில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது என்பதால் எனக்கு அந்தப் பயமும் இருந்தது. லைவ்கோடு சேமிக்கும்போது பழைய கோப்பை டில்டே (~) குறி போட்ட பெயரில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, புதியதை முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதை அழிக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் அந்தப் பழையது மிஞ்சும்.

அடுத்த அடி தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் விழுந்தது. இதில் தப்பு முழுக்க என்னுடையது.

ஆர்டர் எடுக்கும்போது அட்வான்ஸ் போக மீதியைப் பாக்கி என்று கார்டில் குறிக்க ஒரு பொத்தான். துணி கொடுக்கும்போது அந்தப் பாக்கியைக் காட்டி, வாங்கியதைக் கழித்துத் திருப்பி எழுத இன்னொரு பொத்தான். இரண்டையும் வேறு வேறு நாளில் எழுதினேன். 'பாக்கி'யை ஆங்கிலத்தில் எழுத எந்த எழுத்தில் தொடங்குவது? பம்பாய்க்குப் போடும் எழுத்தா, பழனிக்குப் போடும் எழுத்தா? தமிழில் நமக்கு ஒரே ப. ஆர்டர் பொத்தானில் பழனியைப் போட்டிருக்கிறேன், டெலிவரி பொத்தானில் பம்பாயை. லைவ்கோடு பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்க்காது, அந்த மட்டும் நல்ல மனசு. ஆனால் இல்லாத ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் பிழை என்று கத்தவும் கத்தாது. வெற்று மதிப்பைத் தரும். வெற்றைக் கணக்கில் சேர்த்தால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். மாறிகளில் எழுத்துப் பிழை வந்தால் பிடிப்பதற்கு ஒரு கண்டிப்பு வசதி இருக்கிறது, அதைப் போட்டும் வைத்திருந்தேன். அது மாறிகளோடு சரி, ப்ராப்பர்ட்டி பக்கம் எட்டியே பார்க்காது.

ஆக, டெலிவரி பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் 'பாக்கி 0'. தீபாவளிக் கூட்டம். வாசலில் பத்துப் பேர், ஓவர்லாக் போட்டவை ஒரு குவியல், கொக்கி வைக்க வேண்டியவை ஒரு குவியல். நோட்டு இருந்த காலத்தில் அம்மாவுக்கு ஒவ்வொருவர் பாக்கியும் தலையில் இருக்கும். கம்ப்யூட்டர் சொல்கிறதே என்று அன்றைக்கு நம்பிவிட்டார். துணியை வாங்கிக்கொண்டு வரிசையாகப் போய்விட்டார்கள். பாதிப் பேர் நல்லவர்கள், தாங்களே கொடுத்தார்கள். "அக்கா, எனக்கு 150 பாக்கி இருக்கே, ஏன் கேக்க மாட்டேங்கிற?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அப்போதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

அன்று ராத்திரி மெசேஜ் பாக்ஸில் (ஒற்றை வரிக் கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் ஜன்னல்) ஒரு கார்டின் கஸ்டம்கீஸைக் கேட்டேன். ஒரு பொருளில் என்னென்ன ப்ராப்பர்ட்டி இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் தருவது அது. இரண்டு பாக்கியும் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருந்தன. மதிப்பைக் கேட்டால் ஒன்றில் 150, இன்னொன்றில் பூஜ்ஜியம். எழுத்தைத் திருத்தி இரண்டு பொத்தானையும் பம்பாய்க்கு மாற்றினேன். ஏற்கனவே ஏறியிருந்த பாக்கிகளை அம்மா ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தட்டினேன். கார்டு கார்டாகச் சுற்றிப் பழைய பெயரில் இருப்பதைப் புதிய பெயருக்கு மாற்றும் நாலு வரிச் சுழற்சி எழுதியிருக்கலாம். மணி பன்னிரண்டரை. எழுதவில்லை.

மற்ற தொல்லைகள் சின்னவை. புது வாடிக்கையாளருக்கு இருக்கிற கார்டு ஒன்றை நகலெடுத்துப் பெயரை மாற்றும்படி முதலில் வைத்திருந்தேன். கார்டை நகலெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ப்ராப்பர்ட்டிகளும் கூடவே வரும். முதன்முதலாகக் கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் அம்மா பழைய பாக்கி 350 கேட்டுவிட்டார். "நான் இப்பத்தானே மொதத் தடவ வாரேன்" என்று அவர் முழிக்க, அம்மா என்னை முறைத்தார். நகலெடுத்த கையோடு ப்ராப்பர்ட்டிகளை வெற்றாக்கும் வரியைச் சேர்த்தேன்.

அப்புறம் அரை இஞ்ச் விவகாரம். சோல்டர் பதின்மூன்றரையை அம்மா '13 1/2' என்றுதான் தட்டுவார். லைவ்கோடுக்கு அது எண் இல்லை. 13.5 என்று தட்டச் சொன்னால், "டேப்புல அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குத்தான் செட்ப்ராப் கைகொடுத்தது. ஒரு ப்ராப்பர்ட்டிக்கு மதிப்புப் போடும் நேரத்தில் நடுவில் புகுந்து பார்க்கும் காவல்காரன் அது. வந்த மதிப்பில் சாய்கோடு இருந்தால் கணக்குப் போட்டு 13.5 ஆக்கி உள்ளே போடும். கடைசியில் மாற்றிய மதிப்பை உள்ளே போடும் 'செட்' வரியை மறந்தால் காவல்காரன் மதிப்பை வாங்கித் தானே வைத்துக்கொள்வான், உள்ளே எதுவும் போகாது. மறந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதேபோல மதிப்பைக் கேட்கும்போது குறுக்கே வருவது கெட்ப்ராப். பொங்கலுக்குள் பாக்கி என்று ஒன்றைச் சேமிப்பதையே நிறுத்திவிட்டேன். கூலி ஒரு ப்ராப்பர்ட்டி, கொடுத்த பணம் ஒரு ப்ராப்பர்ட்டி. பாக்கியைக் கேட்டால் கெட்ப்ராப் அந்த நேரத்தில் கழித்துச் சொல்லும். கணக்கிட முடிகிற எதையும் ப்ராப்பர்ட்டியில் எழுதி வைக்காதீர்கள் என்று லேப் பசங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறார்களா என்பது வேறு.

இதற்குப் பேசாமல் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸைப் போட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போட்டிருக்கலாம், லைவ்கோடோடு சேர்ந்தேதான் வருகிறது. இடுப்பு 30க்கு மேல் உள்ளவர்கள் யார் என்ற மாதிரித் தேடலுக்கு டேட்டாபேஸ்தான் சரி. ப்ராப்பர்ட்டியில் வைத்தால் கார்டு கார்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் பேர் என்றால் நானும் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் அம்மா அப்படி ஒருநாளும் தேட மாட்டார். அவருக்கு வேண்டியது ஒரு ஆள், அவர் அளவு.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஸ்டாக் கோப்பை லைவ்கோடு தவிர வேறு எதிலும் திறந்து படிக்க முடியாது. நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை. 2021 ஆகஸ்ட் இறுதியோடு இலவசப் பதிப்பை நிறுத்துகிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கனவே இறக்கி வைத்த பதிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, திறமூல நிரலை எடுத்து வேறு பெயரில் தொடர ஒரு கூட்டமும் கிளம்பியது. இருந்தாலும் அம்மாவின் முப்பது வருடத்தை ஒரே பெட்டிக்குள் பூட்டிவைக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எல்லாக் கார்டுகளிலும் எல்லா ப்ராப்பர்ட்டியையும் எடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு வரி, நடுவில் டேப் என்று சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எழுதினேன். இருபது வரி நிரல். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

இந்த முறை நானாகப் பெயர் சொல்லி எடுக்கவில்லை, ஒவ்வொரு கட்டிலும் கஸ்டம்கீஸ் என்ன தருகிறதோ அத்தனையும் எடு என்று எழுதினேன். எக்ஸலில் திறந்தால், யாரும் கேட்காத ஒரு பத்தி ஓரத்தில் நின்றது. பழனி எழுத்துப் பாக்கி. பெரும்பாலும் அன்று ராத்திரி அம்மா ஞாபகத்திலிருந்து சொன்னவர்கள்தான். அம்மா சொல்லாமல் விட்டது ஆறு பேர். 80, 150, 200 என்று, எல்லாம் 2015 தீபாவளிக் கணக்கு.

பட்டியலை அம்மாவிடம் வாசித்தேன். முதல் இரண்டு பேரும் அப்புறம் கொடுத்துவிட்டார்கள் என்றார். 200 ரூபாய்க்காரரின் பெயரைச் சொன்னதும் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அந்தப் புள்ள கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயிருச்சே. விடுய்யா."

விட்டுவிட்டேன். அந்தப் பத்தியையும் இன்னும் அழிக்கவில்லை.